கூடத்துக்குத் தண்ணீர் வரவில்லை

வெள்ளக்கோடு எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் போயிற்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். இந்தப் பக்கம் தரை காய்ந்து கிடந்தது. நடுவில் சுவரோ கதவோ இல்லை. தண்ணீர் கோடு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

என் மனைவி அம்சவேணி அந்தப் பக்கம் இருந்தாள். நான் இந்தப் பக்கம்.

செங்குத்தாக நிற்கும் தண்ணீரைப் பார்க்க முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. உள்ளே அவளுடைய சேலை அசைவது தெரியும். ஒரு கெண்டைக் குஞ்சு கோடு வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதற்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

தாண்டிப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். நான் ஒரு டைல் முன்னால் போனால் கோடும் ஒரு டைல் முன்னால் போயிற்று. தண்ணீர் ஒதுங்கியது. தண்ணீரோடு அம்சவேணியும் ஒதுங்கினாள். அடுப்பு தள்ளிப் போகிறது, அங்கேயே நில்லுங்கள் என்று சத்தம் போட்டாள். அவள் என்னை நோக்கி நடந்தபோதும் அதே கதைதான். அவள் நடக்க நடக்கச் சமையலறை நீண்டது. எப்படி நடந்தாலும் எங்கள் நடுவில் மூன்று டைல் மிச்சம் இருந்தது.

பொருள் தாண்டலாம். ஆள் தாண்டக் கூடாது. இதைக் காபியால் தெரிந்துகொண்டோம். காலையில் டம்ளரை ஒரு தட்டில் வைத்துத் தண்ணீரில் விடுவாள். தட்டு ஆடாமல் கோடு வரைக்கும் வரும். நான் எடுத்துக் குடிப்பேன். சூடாகவே இருக்கும். காலி டம்ளரைத் தட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினால் மட்டும் போகாது. கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் மறுநாள் அவள் வேறு டம்ளரில் அனுப்பினாள். பன்னிரண்டாம் நாள் கூடத்தில் பன்னிரண்டு டம்ளரும் பன்னிரண்டு தட்டும் அடுக்கியிருந்தேன்.

நான் மின்கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவன். இருபத்தெட்டு வருடமாக மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு யூனிட் கூட்டி எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கோடு வந்த விதம் இதுதான்.

எங்கள் நகருக்கு மேட்டுப் பூங்கா நகர் என்று பெயர். மனை போட்டு விற்றவர் வைத்த பெயர். மேடும் கிடையாது, பூங்காவும் கிடையாது. நகருக்கு வடக்கே ஏரி இருக்கிறது. தெற்கேயும் அதே ஏரிதான் இருக்கிறது. நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

எங்கள் நகரில் ஒரு வழக்கம் உண்டு. கையில் ஃபைலோடு யாராவது வந்து தண்ணீர் வருமா என்று கேட்டால் வராது என்று சொல்ல வேண்டும். லாரியோடு வந்து கேட்டால் கழுத்தளவு வந்தது என்று சொல்ல வேண்டும். ஃபைலில் எழுதினால் பட்டா போய்விடும். லாரியில் எழுதினால் அரிசியும் போர்வையும் கிடைக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் சங்கச் செயலாளர் மட்டும் ஒவ்வொரு ஐப்பசியிலும் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை நினைவுபடுத்துவார்.

வெள்ள அபாய வரைபடத்துக்காகக் கணக்கெடுக்க வந்தவர் ஃபைலோடுதான் வந்தார். இளம்பரிதி என்று பெயர். நரைத்த மீசை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்சவேணி சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

"தண்ணி வருமாங்க?" என்றார்.

"வராது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சமையலறையிலிருந்து அம்சவேணியின் குரல் வந்தது. "வரும். போன தடவை இடுப்பு வரைக்கும் வந்துச்சு. குக்கர் மிதந்துச்சு."

அவள் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். அந்தக் குணம் எனக்குப் பிடித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

இளம்பரிதி மறுபடியும் கேட்பார், சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

"நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"கூடத்துல."

"அவங்க?"

"சமையக்கட்டுல."

சரி என்று எழுதிக்கொண்டார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து ரேஷன் கடைச் சுவரில் வரைவு வரைபடம் ஒட்டினார்கள். நகர் முழுக்க வெள்ளையாக இருந்தது. எங்கள் சமையலறை மட்டும் நீலமாக இருந்தது. மறுநாள் காலை, ஒரு சொட்டு மழை இல்லாமல், வரைபடத்தில் இருந்தபடியே தண்ணீர் வந்துவிட்டது. ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் அவகாசம் என்று வரைபடத்தின் கீழே போட்டிருந்தது. முப்பது நாளுக்குப் பிறகு வரைபடம் இறுதியாகும். இறுதியான கோட்டை யாராலும் நகர்த்த முடியாது.

நான் ஏன் வராது என்று சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாவுக்காக மட்டும் இல்லை. மனை வாங்குவதற்கு முன்னால் அம்சவேணி இதே கேள்வியைக் கேட்டாள். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீர் வருமா என்றாள். நான் வராது என்றேன். சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? முதல் வருடம் கணுக்கால் அளவு வந்தபோது, கீழ்த்தொட்டி நிரம்பி வழிகிறது என்றேன். மூன்றாம் வருடம் முழங்கால் அளவு வந்தபோது, பக்கத்து வீட்டில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்றேன். இடுப்பளவு வந்த வருடம், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். அரிசி மூட்டையை அவள் ஒருத்தியாகப் பரணில் ஏற்றினாள். குக்கர் மிதக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத வேண்டிவரும்.

ஐந்தாம் நாள் நிவாரணப் படகு வந்தது. கொல்லைப்புறக் கதவு வழியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்கள். இரண்டு பேர். அம்சவேணிக்கு ரொட்டியும் பாயும் போர்வையும் பிளீச்சிங் பவுடரும் கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். அவள் என்னைக் காட்டினாள். ஒருவர் கையை நெற்றியில் வைத்து என் பக்கம் பார்த்தார்.

"அங்க யாரும் இல்லையேம்மா" என்றார்.

"நிக்கறாரே. சட்டை போட்டுக்கிட்டு."

"அது எல்லைக்கு வெளிய. எல்லைக்கு வெளிய இருக்கறவங்கள நாங்க பாக்கறதில்ல."

நான் கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. ரேஷன் அட்டையை வாங்கி, கத்தரியால் குறுக்கே வெட்டி, அவள் பெயர் இருந்த பாதியை அவளிடம் கொடுத்தார். என் பெயர் இருந்த பாதி தண்ணீரில் மிதந்து கோடு வரைக்கும் வந்தது. எடுத்துக் காயவைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் நடுவில் நான்கு டைல் இருந்தது. இருவரும் எண்ணிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு சமையலறை தினமும் கொஞ்சம் வளர்ந்தது. பத்தாம் நாள் ஒன்பது டைல். பன்னிரண்டாம் நாள் பதினாலு டைல். அவள் பேசினால் வாய் முதலில் அசைந்தது. சத்தம் பிறகு வந்தது. காபி வெதுவெதுப்பாக வந்தது.

யோசனை கேட்கப் பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம் சாரிடம் போனேன். அவர் போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அளவுகோலாகியிருந்தார். ஏரி மதகுக்குப் பக்கத்தில் முழங்கால் வரைக்கும் சிமெண்டில் நிறுத்தி, சிவப்பும் வெள்ளையுமாக அடிக்கணக்கு எழுதியிருந்தார்கள். வேட்டியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"என்ன சார் இது?" என்றேன்.

"ஆர்டர் வந்துச்சு" என்றார். "தினமும் கேட்டுக்கு வெளிய நின்னு தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல. சும்மா சொல்றத வேலையாவே பாருங்கன்னுட்டாங்க."

அவருக்கு அதில் பெருமைதான். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். மூன்று புள்ளி இரண்டு என்றார். என் வீட்டு நிலைமையை எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, மூன்று புள்ளி இரண்டு ஐந்து என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தாலுகா அலுவலக மாடியில் வரைபடப் பிரிவு இருக்கிறது, காய்ந்த சட்டையோடு போங்கள் என்று சொன்னார்.

தாலுகா அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் வெள்ள அபாய வரைபடப் பிரிவு இருந்தது. தாழ்வாரத்தின் கடைசிக் கதவு. நான் போன நேரம் அது ஆறாவது கதவாக இருந்தது. ஆட்சேபணை சொல்ல ஒவ்வொருவராக வரவர ஒரு பியூன் தாழ்வாரத்தைப் பாய் விரிப்பதுபோல நீட்டிக்கொண்டே போனார். உட்கார இடம் வேண்டாமா சார் என்றார். மதியத்துக்குள் கடைசிக் கதவு தொண்ணூறாவது கதவாகிவிட்டது. நடுவில் ஒரு டீக்கடையும் இரண்டு பஸ் நிறுத்தமும் வந்தன. நான் நடந்தே போனேன்.

உள்ளே சந்திரமதி மேடம் இருந்தார். பிரிவு எழுத்தர். முதலில் என் கைக்குட்டையை வாங்கிப் பிழிந்து பார்த்தார். ஒன்றும் சொட்டவில்லை. சட்டையில் ஒரு கறை இருந்தது. இது எங்கிருந்து வந்தது என்றார். காபி என்றேன். காபி வெள்ளத்தில் சேராது என்று குறித்துக்கொண்டார்.

"தண்ணி வந்துச்சா, வரலையா?" என்றார்.

"சமையக்கட்டுல வந்துச்சு."

"கூடத்துல?"

"வரலை."

"அப்ப வரைபடம் சரியாத்தானே இருக்கு. உங்க ஆட்சேபணை என்ன?"

என் மனைவி அந்தப் பக்கம் இருக்கிறாள் என்றேன். அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அந்த அறை முழுக்கத் தரையில் வரைபடம் விரித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு, எங்கள் நகருக்கு வந்து, எங்கள் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

எங்கள் வீடு கடுகளவு இருந்தது. பாதி நீலம். நீலத்தில் அம்சவேணி நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஒருமுறை தலையைத் தூக்கிக் கூடத்துப் பக்கம் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை.

"நான் எங்க மேடம்?" என்றேன்.

"நீங்க இங்கதானே இருக்கீங்க."

மேடம் இரண்டு படிவங்களை எடுத்தார். வீட்டில் இரண்டு வாக்குமூலம் இருப்பதால்தான் கோடு என்றார். ஒன்றை வாபஸ் வாங்கினால் கோடு அழிந்துவிடும். மஞ்சள் படிவம், மனைவி வாபஸ் வாங்குவது. அதில் அவர் கையெழுத்துப் போட்டால் சமையலறைத் தண்ணீர் வரவில்லை என்றாகிவிடும். வீடு முழுக்க வெள்ளை. பட்டா பத்திரமாக இருக்கும். வெள்ளைப் படிவம், கணவர் வாபஸ் வாங்குவது. அதில் கையெழுத்துப் போட்டால் வீடு முழுக்க நீலம். முழுக்க நீலமாக இருப்பது வீடு இல்லை, ஏரி.

நான் மஞ்சளுக்குக் கை நீட்டினேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது. தண்ணீர் வரவில்லை என்றாகிவிட்டால், தண்ணீரில் நின்றவர் என்ன ஆவார்?

"வராத தண்ணில எப்படி நின்னாங்க?" என்றார் மேடம்.

"நின்னாளே."

"அதுக்குப் படிவத்துல எடமில்லீங்க."

அந்த நேரத்தில் நான் மஞ்சள் படிவத்தைத்தான் வாங்கிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வெள்ளையை என் சட்டைப் பையில் அவராகவே திணித்தார். அதற்கு எழுத வேண்டாம், எதிர் வாக்குமூலம் கொடுத்தவர் காதில் விழும்படி சம்பவ இடத்தில் தண்ணீர் வந்தது என்று சொன்னால் போதும், படிவம் தானாக நிரம்பிக்கொள்ளும் என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தாழ்வாரத்தைத் திரும்பி நடந்து வீட்டுக்கு வர ஆறு நாள் ஆயிற்று.

வந்து பார்த்தால் ஆறு டம்ளர் கோட்டோரம் வரிசையாக நின்றன. எல்லாம் ஆறிப்போயிருந்தது. நான் இல்லாதபோதும் அவள் தினமும் அனுப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மொத்தமே பதினெட்டு டம்ளர். தட்டும் பதினெட்டுதான். அத்தனையும் இப்போது என் பக்கம் இருந்தன.

சமையலறை தெருவளவு நீண்டிருந்தது. அவள் அந்தக் கோடியில் கையகல உயரத்தில் தெரிந்தாள். பொருள் என் பக்கத்திலிருந்து போகாது என்பதால் மஞ்சள் படிவத்தை உயர்த்திக் காட்டி, உரக்க வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்து சேர்ந்தது.

"கையெழுத்துதானே, போடறேன். நீங்க சொல்லுங்க, அன்னிக்கு வந்துச்சா, வரலையா?"

"சாக்கடை அடைப்பு" என்றேன்.

முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் அதைத்தான் சொன்னேன். வாயில் அதுதான் தயாராக இருந்தது. அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. சேர்ந்தது எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பிக்கொண்டாள். சமையலறை இன்னொரு தெருவளவு நீண்டது. அவள் ஒரு புள்ளியானாள்.

மறுநாளிலிருந்து காபி கரண்டியில் வந்தது. பிறகு மூடியில் வந்தது. பிறகு ரசச் சட்டியில், மாவு அள்ளும் கிண்ணத்தில், ஊறுகாய் ஜாடியில். ஒவ்வொன்றும் வந்து சேர ஒரு நாள் எடுத்தது. நேற்றைய காபியை இன்று குடித்தேன். பிறகு முந்தாநாள் காபி வந்தது. அவளிடம் பாத்திரம் குறைந்துகொண்டே வருகிறது, என்னிடம் ஏறிக்கொண்டே போகிறது. கூடத்தில் நடக்க இடமில்லை. நான் காய்ந்த தரையில் அவளுடைய பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து கோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். கெண்டைக் குஞ்சும் வரவில்லை. புள்ளியும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் கீழே விழுவதற்கு முன்பே காய்ந்துவிட்டது. நான் வெள்ளம் வராத பகுதி.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, தூரத்தில் ஏதோ பளபளத்தது. மெதுவாக வந்தது. லேசாகச் சுற்றிக்கொண்டே வந்தது. கிட்டே வந்தபோதுதான் என்னவென்று தெரிந்தது.

குக்கர் மிதந்து வந்தது.

ஐந்து லிட்டர் குக்கர். கைப்பிடியில் நான் சுற்றிக் கொடுத்த இன்சுலேஷன் டேப். அவளிடம் மிச்சம் இருந்த கடைசிப் பாத்திரம். கோட்டில் வந்து முட்டி நின்று, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குக் காபி இருந்தது. ஜில்லென்று இருந்தது. சர்க்கரை சரியாகப் போட்டிருந்தாள்.

நான் மீட்டர் பார்ப்பவன். கண்ணால் பார்த்துவிட்டால் எழுதாமல் இருக்க முடியாது.

"வேணி, குக்கர் மிதக்குது" என்று கத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் போய்ச் சேர வேண்டும். காத்திருந்தேன். பிறகு கால் கட்டைவிரலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தேன். கோடு என் பக்கம் ஒரு டைல் தாண்டியிருந்தது.

முதல் வருடம் கீழ்த்தொட்டி வழியவில்லை, நம்மிடம் கீழ்த்தொட்டியே கிடையாது என்று கத்தினேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடவில்லை, ஞானப்பிரகாசம் சார் ஒரு வாரமாக ஊரிலேயே இல்லை என்றேன். முழங்காலுக்கு வந்தது. பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தரையைவிட்டுக் கிளம்பின. பதினெட்டு டம்ளரும் என்னைச் சுற்றி மிதந்தன. தண்ணீர் சில்லென்று இருந்தது. அது எனக்கு அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மிச்சம் ஒன்று இருந்தது. அதைக் கத்தத் தோன்றவில்லை. சாதாரணக் குரலில் சொன்னேன்.

"தண்ணி வந்துச்சு வேணி. நீ தனியா மூட்டை தூக்கின. நான் வாசல்ல நின்னேன்."

இடுப்பளவு வந்தது. சமையலறை சுருங்கத் தொடங்கியது. தெரு போயிற்று. பதினாலு டைல் போயிற்று. மூன்று டைல் போயிற்று. அம்சவேணி எனக்கு எதிரில் நின்றாள். விரல்கள் எல்லாம் ஊறி வெளுத்திருந்தன. ஒரு மாதமாகத் தொடாத கையைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. என் கையும் ஈரமாக இருந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு முனை பிடிச்சிருக்கலாம்" என்றாள். பிறகு மிதந்த டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பொறுக்கினேன்.

சாயங்காலம் வரைபடம் இறுதியாயிற்று. எங்கள் வீடு முழுக்க நீலம். சட்டைப் பையிலிருந்த வெள்ளைப் படிவம் நிரம்பியிருந்தது. மஞ்சள் கரைந்துபோயிருந்தது. பட்டாவும் கரைந்திருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை. மதகுப் பக்கமிருந்து ஞானப்பிரகாசம் சார் நான்கு புள்ளி ஒன்று என்று அறிவித்தது கேட்டது. எங்கள் வீட்டையும் சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இளம்பரிதி பரிசலில் வந்தார். இப்போது ஏரிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். வாசற்படியில் பரிசலைக் கட்டினார். செருப்பைக் கழற்றிப் பரிசலிலேயே வைத்தார். அதே ஃபைல். எங்களை முன்பே பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்சவேணி சொம்பில் கொடுத்தாள்.

"இந்த ஏரிக்குள்ள வீடு வருமாங்க?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வராது என்ற சொல் பழக்கத்தில் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அம்சவேணி பக்கத்தில் நின்று டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும் கை மட்டும் நின்றது.

"வரும்" என்றேன்.

"எவ்வளவு?"

"இடுப்பு வரைக்கும்."

எழுதிக்கொண்டார்.

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"சமையக்கட்டுல."

"அவங்க?"

"இங்கதான்" என்றாள் அம்சவேணி.

இளம்பரிதி பேனாவை எடுத்து எங்கள் நடுவில் வைத்துப் பார்த்தார். பேனா போக இடமில்லை. ஒரே இடமா என்று கேட்டார். ஒரே இடம்தான் என்றோம். சரி என்று அதையும் எழுதிக்கொண்டார்.